கார் போகும் வழியில் எங்கள் கட்டில்

எங்கள் படுக்கையறைக்கு மூன்று சுவர்கள்தான். நாலாவது பக்கம் கார் கொட்டகையின் இரட்டை மரக்கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் மாமாவின் கார், இந்தப் பக்கம் எங்கள் கட்டில். காரின் மூக்குக்கும் என் தலையணைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இதைவிடக் கட்டுக்காவல் யாராலும் போட முடியாது.

மாமா என்றால் என் மாமனார். நான் வீட்டோடு மாப்பிள்ளை. அதை நாலு பேர் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், நீங்கள் மென்று விழுங்க வேண்டாம்.

அந்த அறை எப்படி அங்கே முளைத்தது என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நிச்சயமானபோது வீட்டில் எங்களுக்கென்று தனியாக இடம் இல்லை. கொட்டகைக்கும் தெரு கேட்டுக்கும் நடுவில் கொஞ்சம் காலி இடம் இருந்தது. கார் வெளியே போகும் வழி அது. கார்தான் எங்கேயும் போவதில்லையே. "தற்காலிகமா ஒரு ரூம் போட்டுடலாம் மாப்ளே. வண்டி ரெடியானதும் முன்பக்கச் செவுரு ஒன்னைத் தட்டிவிட்டா வழி திறந்துடும்" என்றார் மாமா. தட்டப் போகிற சுவருக்கு எதற்கு ஜன்னல் என்று ஜன்னலும் வைக்கவில்லை. காரும் ரெடியாகவில்லை, சுவரும் விழவில்லை. மரக்கதவில் ஆணி அடித்து மாட்டிய காலண்டரை மட்டும் வருஷம் தவறாமல் மாற்றிக்கொண்டிருந்தோம்.

காலையில் எங்களை எழுப்புவது மாமாவின் குரல். கொட்டகைக்குச் சமையலறைப் பக்கமாக ஒரு சின்னக் கதவு உண்டு. அது வழியாக உள்ளே போய், காரைத் துடைத்துக்கொண்டே அதோடு பேசுவார். "என்னடா ராசா, தூக்கம் போச்சா? இன்னைக்கு வெயில் ஜாஸ்தியா இருக்கும்போல." கதவிடுக்கில் பெட்ரோல் வாசனையோடு எல்லாம் கேட்கும். என் மனைவி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வாள். வெளியே விடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு அந்த அறையில் வேறு வழி கிடையாது.

எல்லாம் என் வாயால் வந்த வினை. நான் ஒரு மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுன்ட்டரில் நிற்பவன். கல்யாணப் பேச்சு நடந்த அன்று மாமா என்னை நேராகக் கொட்டகைக்குத்தான் அழைத்துப் போனார். "நீங்க பார்ட்ஸ் லைன்ல இருக்கறவர். சொல்லுங்க, இது ஓடுமா?" என்றார். நான் காரைப் பார்க்கவில்லை. சின்னக் கதவருகே நின்றுகொண்டிருந்த அவர் மகளைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, "இந்த வண்டிய ஓட வைக்காம இந்த வீட்டை விட்டு நகரமாட்டேன் மாமா" என்று சொல்லித் தொலைத்தேன். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க ஓட வெச்சுக் குடுங்க. தனிக்குடித்தனம் போற அன்னைக்கு இதே வண்டியில கொண்டுபோய் உங்களை நான் இறக்கி விடுறேன்" என்றார். உறவுக்காரர்கள் கை தட்டினார்கள். கை தட்டியவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மாமா கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுமைக்காரராக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கியிருப்பேன். அவர் தங்கமான மனுஷர். "மாமா, கடைக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்காம்" என்று இழுத்தால், தோளில் கை போட்டு, "தாராளமா போங்க மாப்ளே, யார் வேண்டாம்னா? வண்டி ரெடியாகட்டும்" என்பார். சிரித்த முகமாகச் சொல்கிறவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது? அத்தைக்கும், அதாவது என் மாமியாருக்கும், அதே பதில்தான், என் மனைவி சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து. ஆற்றுக்கு மேல் புதுசாகப் பாலம் கட்டியிருக்கிறார்களே, ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமா என்று அத்தை கேட்டாராம். "வண்டி ரெடியாகட்டும், ஜம்முனு போகலாம்" என்றாராம் மாமா. அந்தப் பாலம் பழசாகிப் போய் இப்போது அதற்கே பழுது பார்க்கும் வேலை நடக்கிறது. அத்தை இன்னும் பார்க்கவில்லை.

கார் ஓடாததற்குக் காரணம் ஒரே ஒரு பார்ட். பின் அச்சின் வயிற்றுக்குள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பல்சக்கரம் இருக்கும், அது கிரவுன் வீல். அதோடு கடித்துக்கொண்டு சுற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன். இரண்டையும் தயாரிக்கும்போதே ஒன்றோடொன்று ஓடவிட்டு, ஜோடி சேர்த்து, இரண்டிலும் ஒரே நம்பரைப் பொறித்துவிடுவார்கள். ஒன்றை ஓரிடத்திலும் மற்றதை வேறிடத்திலும் வாங்கி மாட்டினால் வண்டி ஊளையிடும், கொஞ்ச நாளில் பல் கொட்டிவிடும். எங்கள் ஜோடி எப்போதோ பல் போய், கழற்றப்பட்டு, கொட்டகைச் சுவரில் தொங்குகிறது. எஞ்சின் கிளம்பும், விளக்கு எரியும், ஹார்ன் அடிக்கும், பிரேக் பிடிக்கும். ஆனால் அச்சின் வயிறு காலி. தள்ளினால் உருளும், தானாக நகராது. லேத் பட்டறைக்காரர்கள் அந்த வளைந்த பல்லைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள்.

அப்புறம் தேடல்தான். அதில் நான் கில்லாடி என்று எனக்கு ஒரு நினைப்பு. பழைய பார்ட் தேடுவதில் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வேண்டிய சாமானை நேராகக் கேட்கவே கூடாது. தவிக்கிறோம் என்று கடைக்காரனுக்கு மோப்பம் பிடித்துவிட்டால் போச்சு, துருப்பிடித்த இரும்பும் தங்கமாகிவிடும். அதனால் முதலில் வைப்பர் கை கேட்க வேண்டும், பக்கக் கண்ணாடி கேட்க வேண்டும், டீ குடிக்க வேண்டும், மழை வருமா என்று விசாரிக்க வேண்டும். கிளம்பி, ஒரு கால் வாசலுக்கு வெளியே போன பிறகு, ஞாபகம் வந்தவன் மாதிரி, "ஆமா, ஆக்ஸில் சாமான் ஏதாச்சும் கிடக்குதா?" என்று போட வேண்டும். இதைச் சாப்பிடும்போது வீட்டில் நடித்தே காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரித்தார்களே தவிர, அந்த வீட்டில் யாருக்கும் இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. என் மனைவிக்கு ஜன்னல் உள்ள வீடு வேண்டுமென்றால், "பக்கத்து வீட்ல துணி சீக்கிரம் காயுதுல்ல?" என்பாள். அத்தை என் சட்டையில் பட்டன் தைத்துக்கொண்டே, "கெட்டியா தைச்சிருக்கேன், இன்னும் ரெண்டு வருஷம் இங்க அலசினாலும் தாங்கும்" என்பார். அந்த 'இங்க' எனக்கு அப்போது காதில் விழவில்லை.

இந்த மாசம்தான் கழுத்துக்குக் கத்தி வந்தது. கடையில் என்னோடு நிற்கும் சேல்ஸ்மேனின் சித்திக்குச் சொந்தமாக ஒரு மாடி வீடு. இரண்டே அறைகள்தான், ஆனால் தெருவைப் பார்த்து வரிசையாக ஜன்னல்கள். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். சாவியை என் கையில் கொடுத்து, "மாசக் கடைசி வரைக்கும்தான் சித்தி பொறுப்பாங்க. அதுக்கப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்றான் அவன். என் மனைவியை அழைத்துப் போய்க் காட்டினேன். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து ஒவ்வொன்றின் முன்னும் நின்றாள். மறுநாள் பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட திரைத் துணி வாங்கி வந்து, பீரோவின் அடியில் புடவைகளுக்குக் கீழே ஒளித்துவைத்தாள். ஜன்னலே இல்லாத அறையில் ஜன்னல் திரை இருந்தது.

"அப்பாகிட்ட நீங்க பேசுங்க" என்றாள்.

"நீ பேசேன். உங்க அப்பாதானே?"

"வாய் விட்டது யாரு? நானா?"

சாவி என் பேன்ட் பையில் கிடந்து தொடையைக் குத்திக்கொண்டே இருந்தது.

மாசக்கணக்காகச் செய்கிற மாதிரியே, தினமும் மதியம் சாப்பாட்டுக்கு வந்ததும் ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊருக்காக போன் போட்டேன். பழைய மெக்கானிக்குகள், காயலான் கடைகள், ஓடாத வண்டி வைத்திருப்பவர்கள். தெரிந்தவர்களிடம் மட்டும் வண்டி மாடலைச் சொல்லி, பல் எண்ணிக்கையைச் சொல்லி, உரக்கக் கத்துவேன். மற்றவர்களிடம் என் வித்தையைக் காட்டுவேன். கிடைத்த பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் எப்பவோ போச்சு." கடைசியில் ஊருக்கு வெளியே இருக்கும் பழைய சாமான் கிடங்குக்கு மறுபடியும் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அந்தக் கிடங்குக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அப்புறம்'. எதைச் சொன்னாலும் அப்புறம் என்பார்.

ரெண்டு பஸ் மாறிப் போனேன். தகரக் கொட்டகை, மலைபோல அச்சுகள், நடுவில் ஒரு ஸ்டூலில் அவர்.

"வாய்யா. அப்புறம்?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன். ஹார்ன் பட்டன் இருக்குமா?"

"இருக்கு. அப்புறம்?"

"கதவுக் கைப்பிடி?"

"இருக்கு. அப்புறம்?"

டீ வந்தது. குடித்தேன். மழை வருமா என்று கேட்டேன். எழுந்து நடந்து, ஒரு காலை வெளியே வைத்து, "ஆமா, பழைய கிரவுன் பினியன் ஏதாச்சும்..." என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் டீ வேட்டியில் சிந்திவிட்டது. "அடப்பாவி! உனக்கு வேண்டியது அதுவா? போன தடவை நீ வந்தப்போ இதே ரேக்குல இருந்துச்சுய்யா. பேக்கிங் பிரிக்கலை, கிரீஸ் காயலை. நீ கண்ணாடி கேட்ட, வைப்பர் கேட்ட, போறப்போ ஆக்ஸில் சாமான்னு ஏதோ முனகின. நட்டு போல்ட்டு கேக்கறன்னு நினைச்சு இல்லைன்னுட்டேன். அடுத்த வாரமே ஒரு அம்மா வந்தாங்க. டீ வேணாம்னுட்டாங்க. வண்டி பேரைச் சொன்னாங்க, பல்லு எத்தனைன்னு சொன்னாங்க, 'இருக்கா, இல்லையா?'ன்னாங்க. இருக்குன்னேன். தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"யாரு அந்த அம்மா?"

"பேரெல்லாம் கேக்கல. உங்க கடைப் பையிலதான் போட்டுக்கிட்டாங்க. அந்தக் கனத்துக்குப் பை தாங்காதும்மான்னேன். சிவப்பு நூல்ல காதைத் தைச்சிருக்கேன், தாங்கும்னாங்க."

சிவப்பு நூலில் காது தைத்த பை எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் கை கழுவப் போகிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாசக்கணக்கில் நான் ஹாலில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிறேன். அத்தை பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டே, "கிடைச்சுதா மாப்ளே? ஐயோ பாவம்" என்கிறார். என்னமாய் நடிப்பு! வீட்டுக்குப் போனதும் கத்திவிட வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டு போனேன். போனால், மாமா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அத்தை அடுப்படியில் தனியாக நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். தயார் செய்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

"அத்தை, கிரவுன் பினியன் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு" என்றார் அத்தை.

அவ்வளவுதான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலைக் காட்டினார். நான் ஏறி, பரணிலிருந்த பெரிய அலுமினியப் பானையை இறக்கினேன். அதற்குள் பழைய துண்டில் சுற்றிய மூட்டை. கனம் கையை இழுத்தது. எத்தனை நாள் தேடிய கனம்! என் கோபமெல்லாம் எங்கோ போய், இதோ கிடைத்துவிட்டது, சுவர் விழப்போகிறது, ஜன்னல் திரை மாட்டப்போகிறோம் என்று நினைத்தபடியே மூட்டையைத் தரையில் வைத்தேன்.

"எண்ணெயும் பிசுக்குமா ஒரே கருப்பா இருந்துச்சு" என்றார் அத்தை. "அப்படியே எப்படிப் பானையில போடறது? எலுமிச்சம்பழத் தோல் போட்டு, சோப்பு போட்டு, பல்லு பல்லா தேய்ச்சேன். வெள்ளி மாதிரி ஆயிடுச்சு. ஈரம் இருக்கேன்னு துண்டுல சுத்தி வெச்சேன்."

துண்டைப் பிரித்தேன். உள்பக்கம் முழுக்கச் செங்காவி. சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் துருவில் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். துரு உதிர்ந்த இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். அந்தக் கருப்புப் பிசுக்குதான் அதற்கு உயிர். அதை எடுத்துவிட்டு, எலுமிச்சைப் புளிப்பைத் தடவி, ஈரத்துண்டைச் சுற்றி, ஆவி அடிக்கிற அடுப்புக்கு மேலே மழைக்காலம் முழுக்க வைத்திருந்தார். எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லாத ஜோடி, எங்கள் வீட்டுச் சுத்தத்தில் செத்துப்போனது.

"தேய்ச்சா போயிடுமா மாப்ளே?" என்றார் அத்தை. அவர் முகத்தைப் பார்த்தால், போயிடும் அத்தை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

"போகாது அத்தை. இனிமே இது உதவாது."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கெடுக்கணும்னு நினைக்கல. சத்தியமா இல்ல. கொஞ்ச நாள் ஒளிச்சு வெச்சுட்டு, நானே கண்டெடுத்த மாதிரி குடுத்துடலாம்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு போயிடுச்சு." சக்கரத்தை ஒரு விரலால் தொட்டார். "கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டு, நீங்க சாப்பிடும்போது சொன்ன அந்தக் கிடங்குக்கு ரெண்டு பஸ் மாறிப் போனேன். திரும்பி வரும்போது வழி மாறி வேற பஸ்ல ஏறிட்டேன். அது பாலத்து மேல போச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

"ஏன் அத்தை?"

"இவரோட, இந்த வண்டியில வந்துதான் பார்க்கணும்னு வெச்சிருந்தேன்ல? பஸ்ல பார்த்துட்டா அப்புறம் பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"

பார்ட்டை ஒளித்து வைத்து எங்கள் வழியை அடைத்தவர், அதே பார்ட்டோடு தன் வழியையும் சேர்த்துத்தான் பானைக்குள் போட்டு மூடியிருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அப்ப எதுக்கு இந்த வேலை?"

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டா இந்த வீட்ல நானும் அவரும் அந்த வண்டியும். அவர் அதுகிட்ட பேசுவார். நான் யார்கிட்ட பேசறது?" சக்கரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்க நேரா கேட்டீங்க, நானும் நேரா கேட்டுடறேன் மாப்ளே. போகாதீங்க."

சுற்றிவளைத்துக் கேட்டிருந்தால் நானும் சுற்றிவளைத்துத் தப்பித்திருப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம். இப்படி நெஞ்சுக்கு நேரே கேட்டால் சரி என்றோ முடியாது என்றோதான் சொல்ல முடியும். பார்ட் கிடைக்காத வரைக்கும் என்றாவது கிடைக்கும் என்று இருந்தது. இப்போது பார்ட்டும் இல்லை, கேட்டுவிட்டவரை உதறிவிட்டுப் போகிற தைரியமும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மாமா வந்துவிட்டார். கையிலிருந்த காய்கறிக் கூடையைக் கீழே வைத்தார். சக்கரத்தைப் பார்த்தார். குனிந்து, பற்களைக் கட்டைவிரலால் தடவி எண்ணிப் பார்த்தார். விரலில் காவி ஒட்டிக்கொண்டது.

"நம்ம வண்டிக்கானது" என்றார் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்தார்.

காயலான் கடையில் இப்படியேதான் கிடைத்தது மாமா என்று ஒரு பொய்யைச் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை முந்திக்கொண்டார். "நான்தான் வாங்கினேன். நான்தான் ஒளிச்சு வெச்சேன். நான்தான் கெடுத்தேன்." ஒரு தடவை நேராகப் பேச ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. என்னிடம் சொன்னதை எல்லாம் அவரிடமும் சொன்னார், அந்த வண்டியோடு பேசுகிற பேச்சு உட்பட.

மாமா திட்டியிருந்தால் தேவலை. சின்னக் கதவைத் திறந்துகொண்டு கொட்டகைக்குள் போனார். நான் எங்கள் அறையில் கட்டிலில் உட்கார்ந்து மரக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. அவர் அந்த வண்டியோடு பேசாமல் இருந்தது அன்றுதான்.

வேலை முடிந்து வந்த என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பீரோவைத் திறந்தாள், புடவைகளை ஒதுக்கி அந்தப் பச்சைத் துணியை எடுத்தாள், அடுப்படியில் அம்மாவைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனாள். நானும் அத்தையும் பின்னாலேயே போய் வாசலில் நின்றோம். மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, எனக்கு ஜன்னல் வேணும்" என்றாள்.

மாமா அவள் கையிலிருந்த திரையைப் பார்த்தார்.

"அந்த ரூம்ல எனக்கு மூச்சு முட்டுதுப்பா. பகல் எது, ராத்திரி எதுன்னு தெரியல. மாசக் கடைசிக்குள்ள நாங்க போகணும்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா, வண்டி ரெடியாகட்டும்பீங்க."

மாமா ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே, "உங்களை நான் கொண்டுபோய் இறக்கி விடுறேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன்" என்றார். பிடிவாதம் இல்லை அது. அவமானம். "இனி எப்படி?"

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். போகாதீங்க என்று என்னிடம் கேட்டவர். அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், மகள் கையிலிருந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தள்ளிட்டுப் போகலாம்" என்றார்.

"என்னது?"

"வண்டி உருளும்ல? தள்ளிட்டுப் போகலாம். நாலு தெருதானே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொத்தனார் வந்தார். கட்டிலைப் பிரித்து மொட்டை மாடியில் ஏற்றினோம். சுவர் பெரிய சம்மட்டிக்கெல்லாம் வேலை வைக்கவில்லை, பொலபொலவென்று உட்கார்ந்துவிட்டது. இத்தனை நாள் எங்களை அடைத்து வைத்திருந்தது இந்தச் சோப்புக்கட்டியா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அறைக்குள் முதல்முறையாக வெயில் விழுந்தது. தரை பச்சை நிறம் என்று அன்றுதான் தெரிந்தது. மரக்கதவைத் திறந்து, கொத்தனாரும் அவர் ஆட்களும் எதிர்வீட்டுக்காரரும் நாங்களுமாகக் கை வைத்துத் தள்ள, எங்கள் கட்டில் கிடந்த இடத்தின் மேல் ஏறி இறங்கி, கார் தெருவுக்கு வந்தது.

மாமா இஸ்திரி போட்ட சட்டையில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். பக்கத்தில் அத்தை, மடியில் சிவப்பு நூல் தைத்த பை. நடக்கிற வேகத்தில் போகிற வண்டிக்கு மாமா விடாமல் ஹார்ன் அடித்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் ஓடிவந்து கை கொடுத்தார்கள். நானும் என் மனைவியும் பின்னால் டிக்கியில் கை வைத்துத் தோளோடு தோள் இடித்துத் தள்ளினோம்.

மாடி வீட்டு வாசலில் மாமா பிரேக்கை மிதித்தார். இறங்கி வந்து, பின்கதவை மரியாதையாகத் திறந்து பிடித்தார். உள்ளே யாரும் இல்லை. நாங்கள் பின்னால் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றோம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி அந்தப் பக்கமாகப் போய் சீட்டில் ஏறினாள், என்னையும் இழுத்தாள். இந்தப் பக்கமாக இரண்டு பேரும் இறங்கினோம்.

"இறக்கி விட்டுட்டேன்" என்றார் மாமா. கூடத் தள்ளியவர்கள் எல்லாரும் முகம் துடைத்துக்கொண்டு திரும்பிப் போக ஆரம்பித்தார்கள். "நீயும் இறங்கு. மேல போய் வீட்டைப் பார்க்கலாம்" என்றார் அத்தையிடம்.

அத்தை இறங்கவில்லை. கண்ணாடி வழியாக முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். மேலே ஜன்னல்கள் வரிசையாக மூடிக் கிடந்தன.

"மாப்ளே, இன்னும் கொஞ்சம் தள்ளுவீங்களா?" என்றார்.

"எது வரைக்கும் அத்தை?"

"பாலம் வரைக்கும்."

பாலம் அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. மார்க்கெட்டைத் தாண்டி, ஒரு நீள மேட்டில் ஏறி, அப்புறமும் போக வேண்டும். என்றைக்கும் சொல்லும் பதில் மாமாவின் உதடு வரைக்கும் வந்துவிட்டது, நான் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு, உள்ளே ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டார். என் மனைவி ஜன்னல்களை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டிக்கியில் கை வைத்தாள். நான் சாவியை மறுபடி பைக்குள் போட்டேன்.

மேட்டில் எங்கள் இரண்டு பேரின் பலம் போதவில்லை. பாதியில் வண்டி நின்றுவிட்டது. மாமா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்து, தானும் இறங்கித் தள்ளினால் ஸ்டீயரிங்கை யார் பிடிப்பது என்று கேட்டார்.

"இறங்குங்க" என்றார் அத்தை, ஸ்டீயரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டே.